குழந்தைத் தொட்டிலில் இத்தனை தலையணை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில், பிறந்த குழந்தைக்கு என்ன பரிசு தரலாம் என்று முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். கட்டுரையில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மேலே இருந்த படத்தைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. மரத் தொட்டில், அதில் பஞ்சுப் பொதி போல ஒரு மெத்தை, தலைக்குத் தலையணை, இரண்டு பக்கமும் உருட்டுத் தலையணை, சுற்றிலும் கம்பிகளை மறைத்துக் கட்டிய மெத்தைத் தடுப்பு, கால்மாட்டில் கரடி பொம்மை, இத்தனைக்கும் நடுவில் கழுத்துவரை போர்த்திய போர்வைக்குள் ஒரு குழந்தை. இதே செட்டைத்தான் நானும் பேரன் பிறந்தபோது வாங்கினேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் கரூர்க்காரி. படுக்கை விரிப்பும் போர்வையும் கொசுவலையும்தான் எங்கள் ஊருக்குச் சோறு போடுகின்றன. ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் விரிப்புகளை மேசையில் போட்டு, தையல், கறை, அளவு பார்த்து மடித்துப் பெட்டியில் அடுக்கியவள். துணியைத் தொட்டாலே எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவளே மெத்தை விஷயத்தில் கோட்டை விட்டேன். கடைக்காரர் மேல் பழி போட மாட்டேன், அவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்த்து, "அட, என்னமா மெத்துமெத்துனு இருக்கு" என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். தொட்டில் மாமன் சீராக என் மகன் வாங்கி வந்தது. மெத்தையும் மற்றதும் அம்மாயி பங்கு, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டியான என் பங்கு.

பேரனுக்கு மூன்று மாதம் முடிந்த சமயம். ஒரு ராத்திரி இரண்டரை மணி இருக்கும், தண்ணீர் குடிக்க எழுந்தேன். மகள் அசந்து தூங்குகிறாள். தொட்டிலை எட்டிப் பார்த்தால், மல்லாக்கப் படுக்க வைத்த பிள்ளை நகர்ந்து நகர்ந்து ஒரு ஓரத்துக்குப் போய், முகம் முழுவதும் உருட்டுத் தலையணையில் பதிந்து கிடக்கிறான். தூக்கினேன். பிடரி எல்லாம் வேர்வை, அந்தத் தலையணை உறையில் அவன் மூக்கு இருந்த இடம் மட்டும் ஈரமாக, வட்டமாக. ஒன்றும் ஆகவில்லை. சிணுங்கிவிட்டுப் பால் குடித்துத் தூங்கிவிட்டான். எனக்குத்தான் விடியும்வரை தூக்கம் வரவில்லை.

அந்த வாரமே பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரிடம் சொன்னேன். தொட்டிலில் என்னென்ன போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் பெருமையாக ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "குழந்தையும் விரிப்பும் போதும், மத்த எல்லாத்தையும் வெளியே எடுத்துருங்கம்மா" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியை நானும் மாப்பிள்ளையும் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டோம்.

முக்கியமான விஷயம் இதுதான். நமக்கு எது சுகமோ அது சிசுவுக்கு ஆகாது. நாம் குப்புறப் படுத்து மூச்சு முட்டினால் தலையைத் திருப்பிக்கொள்வோம், போர்வை முகத்தில் விழுந்தால் தள்ளிவிடுவோம். மூன்று மாதக் குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலைதான் கனம், கழுத்தில் பலம் கிடையாது. மெத்தை அமுங்கினால் தலை இருக்கும் இடத்தில் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தில் முகம் பதிந்தால் தான் விட்ட மூச்சுக் காற்றையே திரும்ப இழுத்துக்கொண்டு கிடக்கும். அழக்கூடச் செய்யாது. பஞ்சுத் தலையணைக்கும் இதே கதைதான், கரடிக்கும் இதே கதைதான். தூக்கத்திலேயே சிசு இறந்துபோவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள், அதிலும் இரண்டிலிருந்து நான்கு மாதத்துக்குள்தான் அதிகம் என்று படித்தபோது, என் பேரனின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்து வயிற்றைக் கலக்கியது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் மருத்துவர்களே குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார்களாம். 1992-ல்தான் அங்குள்ள குழந்தை மருத்துவர்கள் சங்கம் அதை மாற்றி, குப்புறப் படுக்க வைக்காதீர்கள் என்றது, 1994-ல் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லி நாடு முழுக்கப் பிரசாரமும் செய்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. நம் பாட்டிமார்கள் கோரைப் பாயில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு மல்லாக்கத்தானே கிடத்தினார்கள்! வாந்தி எடுத்தால் புரையேறிவிடாதா என்று என் சம்பந்தியம்மா கேட்டார்கள், நியாயமான பயம்தான். ஆனால் மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கிறது. எதுக்களித்த பால் மேடேறித்தான் மூச்சுக்குழாய்க்குள் போக வேண்டும். குப்புறக் கிடந்தால்தான் அது நேரே இறங்க வழி.

சரி, எல்லாவற்றையும் எடுத்துப் போட்டோம். மெத்தை மட்டும் மிஞ்சியது. அதிலும் இரண்டு கோளாறு. ஒன்று, கையை வைத்து அழுத்தி எடுத்தால் கை அச்சு அப்படியே நின்று நிதானமாகத்தான் எழும்பியது. இன்னொன்று, 'ஸ்டாண்டர்டு சைஸ்' என்று சொல்லித்தான் விற்றார்கள், தொட்டிலின் உள்ளளவோ 24-க்கு 48 அங்குலம், மெத்தை 22-க்கு 45. நீளவாக்கில் மூன்று அங்குல இடுக்கு. அதற்குள் என் முழங்கையே போனது, பிள்ளையின் முகம் போகாதா? மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது என்பார்கள். மெத்தை வாங்கப் போகும்போது தொட்டிலின் உள்ளளவை டேப் பிடித்து எழுதிக்கொண்டு போக வேண்டும் என்பது, அளவு பார்த்தே காலம் தள்ளிய எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை.

அப்புறம் சந்தைப் பக்கம் மெத்தை தைக்கும் ஒரு பெரியவரிடம் போனோம். குழந்தைக்கு இலவம் பஞ்சுதானே நல்லது, போடியிலிருந்து வருவதைப் போட்டுத் தைத்துக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்தார். "உங்களுக்குன்னா தைச்சுத் தரேன். பச்சப் புள்ளைக்கு வேண்டாம், ரெண்டு மாசத்துல நடுவுல குழி விழுந்துரும்" என்றார். இலவம் பஞ்சை அடிக்கடி வெயிலில் போட்டுத் தட்டினால்தான் உப்பும், உப்பினாலும் குழந்தைக்கு ஏற்ற கெட்டித்தனம் அதற்கு வராது. அவர் சொன்னபடி ரப்பர் சேர்த்த தேங்காய் நார்ப் பலகையை அச்சாக 24-க்கு 48 வெட்டி, மேலே ஒட்டினாற்போல் மெல்லிய கெட்டி ஃபோம் வைத்து, நான்கு அங்குல உயரத்தில் தைத்து வாங்கினோம். செட்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. முதல் நாள் அதைப் பார்த்து, பலகையில் படுக்கப் போட்ட மாதிரி இருக்கிறதே என்று மகளுக்கு அழுகையே வந்தது. பேரன் என்னவோ பழைய மெத்தையில் தூங்கியதைவிட ஒன்றும் குறைவாகத் தூங்கவில்லை.

'மெமரி ஃபோம்' என்று ஒன்று விற்கிறார்கள், உடம்பின் வடிவத்துக்கு இறங்கிக்கொடுக்கும். பெரியவர்களின் முதுகு வலிக்கு நல்லதாக இருக்கலாம், குழந்தைக்குக் கூடவே கூடாது, காரணம் மேலே சொன்ன அதே பள்ளம்தான். அக்கா பிள்ளைக்கு வாங்கிய பழைய மெத்தை சும்மா கிடக்கிறது என்று யாராவது கொடுத்தால், முதலில் நடுப்பகுதியை அமுக்கிப் பாருங்கள், தொய்ந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தடிமன் அதிகமானால் உசத்தி என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்க விதிப்படி தொட்டில் மெத்தை ஆறு அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஏனென்றால் மெத்தை ஏற ஏற பக்கத்துக் கம்பியின் உயரம் குறைந்து, பிள்ளை எட்டி வெளியே விழுந்துவிடும். கம்பிகளுக்கு நடுவே இடைவெளி ஆறு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். குளிர்பான டின் ஒன்று அதில் நுழைந்தால் அந்தத் தொட்டில் வேண்டாம்.

கம்பியில் தலை இடிக்குமே என்றுதானே சுற்றிலும் அந்த மெத்தைத் தடுப்பைக் கட்டுகிறோம்? 'பம்பர்' என்கிறார்கள். தலை லேசாக இடித்தால் அழுதுவிட்டு ஓயும். பம்பரில் முகம் பதிந்தாலோ, அதைக் கட்டியிருக்கும் நாடா கழுத்தில் சுற்றினாலோ என்ன செய்வது? அமெரிக்காவில் 2022-ல் சட்டம் போட்டுப் பஞ்சு வைத்த பம்பரை விற்கக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். இங்கே அதே பொருள் முயல் படத்தோடு கடை வாசலில் தொங்குகிறது.

இப்போது என் துறைக்கு வருகிறேன், விரிப்பு. எலாஸ்டிக் வைத்த விரிப்புதான் வசதி, ஆனால் பருத்தித் துணி முதல் சலவையில் சுருங்கும், நூற்றுக்கு ஐந்து சுருங்குவதெல்லாம் சாதாரணம். 48 அங்குல நீளத்தில் அது கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம்! வாங்கும்போது அச்சாகப் பொருந்திய விரிப்பு துவைத்த பிறகு மூலையில் மெத்தையையே தூக்கும், இல்லையென்றால் ராத்திரி மூலை கழன்று சுருண்டு பிள்ளையின் முகத்துக்கு வரும். ஒரு தடவை துவைத்துக் காய வைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் இரண்டாவது வாங்குங்கள். எலாஸ்டிக் விரிப்புக்கு வழி இல்லையா, நன்றாகத் துவைத்துத் துவைத்து நைந்த பழைய வேட்டி போதும், ஆனால் மெத்தைக்கு அடியில் ஒரு முழம் உள்ளே போகும்படி இழுத்துச் செருக வேண்டும். ரப்பர் ஷீட்டை விரிப்புக்குக் கீழே போடுங்கள், மேலே போட்டால் வேர்த்துக் கொட்டும். வேர்க்குரு கரூர் வெயிலில் சொல்லவே வேண்டாம். போர்வை? சித்திரையில் எதற்குப் போர்வை? மார்கழிக் குளிருக்கும், ஏசி அறைக்கும் முழுக்கைச் சட்டையும் கால் மூடிய நிஜாரும் போட்டால் தீர்ந்தது. குளிர்கிறதா என்று கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், குழந்தைகளுக்குக் கை கால் எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியைத் தொட்டுப் பாருங்கள்.

கொசுவலை கட்டாயம் வேண்டும், டெங்கு ஊரைச் சுற்றும்போது அதை வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. தொட்டிலுக்கு வெளியே நான்கு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள், உள்ளே தொய்ந்து முகத்தில் விழக் கூடாது. குடை மாதிரி விரிந்து ஜிப் போடும் வலையோடு வரும் சின்னப் படுக்கைகளில் அடியில் இருக்கும் மெத்தை பெரும்பாலும் மெத்தென்றுதான் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, பாயில் மடித்த துணியை விரித்து, மேலே வலையை மட்டும் கவிழ்த்துக்கொள்ளலாம்.

கடுகுத் தலையணை விஷயத்தில் எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை நடந்தது. தலை உருண்டையாக வர வேண்டும் என்று சம்பந்தியம்மா தன் கையால் தைத்துக் கொண்டுவந்தது, எப்படி வேண்டாம் என்பது? தலை வடிவத்துக்கென்று விற்கும் சிசுத் தலையணைகளே வேண்டாம் என்று 2022-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்ததை மாப்பிள்ளைதான் பக்குவமாக எடுத்துச் சொன்னார். தலை ஒரு பக்கம் தட்டையாகாமல் இருக்க, விழித்திருக்கும்போது நாம் பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட வைத்தாலே போதும், தூங்கும்போது ஒரு நாள் தலையை வலப்பக்கம், ஒரு நாள் இடப்பக்கம் திருப்பி வைக்கலாம். இப்போது அந்தத் தலையணை சாமி அறையில் பத்திரமாக இருக்கிறது.

தூளியையும் சொல்லாமல் விட முடியாது. பகலில் கண் எதிரே அரை மணி ஆட்டித் தூங்க வைத்துவிட்டுக் கீழே கிடத்துங்கள், நானும் அப்படித்தான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தேன். ராத்திரி முழுக்க அதிலேயே விட்டால் உடம்பு வளைந்து தாடை நெஞ்சில் முட்டிக் கிடக்கும், சின்னக் குழந்தைக்கு மூச்சு சிரமம். அதைவிடப் பயம் மூத்த பிள்ளைகளை நினைத்துத்தான். தம்பியின் தூளியில் சுற்றி விளையாடிய பிள்ளை, சேலை கழுத்தில் முறுக்கி இறந்தது என்று உங்கள் மாவட்டப் பக்கத்திலேயே நான் படித்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல. தூளியிலிருந்து குழந்தையைத் தூக்கியதும் சேலையை அவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் விட்டத்தின் மேலே தூக்கிச் செருகுங்கள். அரை நிமிட வேலை.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். அரசு மருத்துவமனைகளில் பிரசவித்த தாய்மாருக்கு 2015-ல் தொடங்கிய குழந்தைப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள், அதில் சின்னப் படுக்கையும் வலையும் உண்டு. பின்லாந்தில் 1938-லிருந்தே இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறார்கள், அடியில் மெத்தை வைத்து அந்த அட்டைப் பெட்டியையே குழந்தையின் முதல் தொட்டிலாக வைத்துக்கொள்ளலாம். படுக்கையைக் கொடுக்கும் கையோடு, அந்தப் படுக்கை உறையிலேயே 'மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம்' என்று இரண்டு வரி, ஒரு படம் அச்சடித்துக் கொடுக்கலாமே. எங்கள் ஊரில் துணியில் அச்சடிக்க ஆளா இல்லை?

உங்களிடம் கேட்பதும் படம்தான். அடுத்த முறை குழந்தைப் பக்கம் போடும்போது வெறும் மெத்தையில், ஒற்றை விரிப்பில் கிடக்கும் குழந்தையின் படத்தைப் போடுங்கள். பார்க்கக் கொஞ்சம் ஏழ்மையாகத் தெரியும், பரவாயில்லை.

பேரனுக்கு இப்போது ஒன்பது மாதம். கம்பியைப் பிடித்து எழுந்து நிற்கிறான் என்பதால் போன வாரம்தான் தொட்டிலின் பலகையைக் கீழ்ப்படிக்கு இறக்கினோம். உருட்டுத் தலையணை இரண்டும் ராத்திரி என் முழங்காலுக்கு அடியில், நன்றாகவே இருக்கின்றன. கரடி பீரோ மேலே உட்கார்ந்திருக்கிறது, முதல் பிறந்தநாள் கழித்துக் கீழே இறக்கலாம் என்று.

இப்படிக்கு,
ஓர் அம்மாயி,
கரூர்.