'ரத்து' பொத்தான் உண்மையிலேயே ரத்து செய்யட்டும்: மென்பொருள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மென்பொருள் வடிவமைப்பவர்களுக்கும் நிரல் எழுதுபவர்களுக்கும் வணக்கம்.

வீடியோ மாற்றுவது, பேக்கப் எடுப்பது, வருடக் கணக்கை அறிக்கையாகத் தொகுப்பது என்று நேரம் பிடிக்கும் வேலைகளை உங்கள் மென்பொருளிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் சார்பில் எழுதுகிறேன். நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்த நேரத்தில் திரை எங்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும்.

எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டையை மக்கள் விரும்புகிறார்கள் என்பதை கணினி ஆய்வாளர் பிராட் மையர்ஸ் 1985-லேயே ஆய்வு செய்து எழுதிவிட்டார். ஆனால் இன்றும் பட்டை 99 சதவீதம் வரை விறுவிறுவென்று ஓடி, அங்கேயே நின்றுவிடுகிறது. கோப்புகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் அப்படித்தான் ஆகும். ஆயிரம் சின்னப் படங்கள் முடிந்த பிறகு கடைசியில் ஒரு பெரிய வீடியோ மிச்சமிருக்கும். நகலெடுத்த பின் நடக்கும் சரிபார்ப்பைக் கணக்கிலேயே சேர்க்காதவர்களும் உண்டு. அளவு தெரியாத கட்டத்தில் சதவீதத்தை இட்டுக்கட்ட வேண்டாம். "சரிபார்க்கிறது, 3,412 கோப்புகள் முடிந்தன" என்று ஒரு வரி போதும். அந்த எண் ஏறினால் வேலை நடக்கிறது என்று தெரிந்துகொள்வோம். சும்மா சுற்றும் வட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வேலை எப்போதோ செத்திருந்தாலும் அது பாட்டுக்குச் சுற்றும்.

என் பெரிய வருத்தம் 'ரத்து' பொத்தானைப் பற்றியது. ஒரு அறிக்கை கேட்கிறோம், தேதியைத் தப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிகிறது, ரத்தை அழுத்துகிறோம். பெட்டி மறைந்துவிடுகிறது. சர்வரில் அந்த வேலை மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சரியான தேதியோடு மறுபடி கேட்டால் இப்போது இரண்டு ஓடும், இரண்டாவது இன்னும் மெதுவாக. நாம் ரத்து செய்தது பெட்டியைத்தான், வேலையை அல்ல.

ஓடும் வேலையை வெளியிலிருந்து வெட்டி நிறுத்துவது ஆபத்து என்பது எனக்கும் தெரியும். ஜாவா நிரல்மொழியில் த்ரெட்டை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையை, சட்டென்று நிறுத்தும் 'ஸ்டாப்' முறையை 1998-ல் வந்த 1.2 பதிப்பிலேயே பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஒரே தரவை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகள் பாதியில் திறந்து, தரவு அரைகுறையாகக் கிடக்கும் என்பதுதான் காரணம். அதனால் வேலையே அவ்வப்போது "நிறுத்தச் சொன்னார்களா?" என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் இப்படி நிறுத்தச் சொல்லும் அடையாளமான கேன்சலேஷன் டோக்கன் 2010-லேயே வந்துவிட்டது. கோ நிரல்மொழி 2016-ல் அதே வேலைக்கு உதவும் கான்டெக்ஸ்டை அடிப்படை நூலகத்திலேயே சேர்த்தது. கருவி கையில் இருக்கிறது. திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்த அடையாளத்தைப் பார்ப்பது, டேட்டாபேஸ் வரை அதைக் கொண்டுபோவது, நெட்வொர்க்கில் பதிலுக்குக் காத்திருக்கும் இடத்தில் கால வரம்பு வைப்பது, இதெல்லாம் முதல் நாளே செய்ய வேண்டியவை. எல்லாம் எழுதி முடித்த பிறகு ரத்தைக் கொண்டுவந்து ஒட்டினால் அது பெட்டியை மூடத்தான் உதவும்.

அழுத்தியவுடன் "நிறுத்திக்கொண்டிருக்கிறது" என்று காட்டுங்கள், பொத்தானை மங்கலாக்குங்கள். இல்லாவிட்டால் பதற்றத்தில் திரும்பத் திரும்ப அழுத்துவோம். செய்ததைத் திருப்பிப் போட நேரமாகும் என்றால் அதையும் சொல்லுங்கள். டேட்டாபேஸில் ஒன்றாகச் செய்யும் மாற்றங்களின் தொகுப்பான பெரிய பரிவர்த்தனையைப் பின்வாங்குவது சில சமயம் அதைச் செய்த நேரத்தையே எடுக்கும். இதற்கு மேல் நிறுத்த முடியாது என்ற கட்டம் வந்தால் பொத்தானை எடுத்துவிட்டு ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள், புரிந்துகொள்வோம். முக்கியமாக, எது மிஞ்சியது என்று சொல்லுங்கள். "400 படங்களில் 260 வந்துவிட்டன, வைத்துக்கொள்ளவா, நீக்கவா?" என்ற கேள்வி எவ்வளவு நிம்மதி தெரியுமா! இதையெல்லாம் திரைவாசிப்பான் பயன்படுத்துபவர்களுக்கும் கேட்கும்படி செய்யுங்கள். பட்டையின் நிறம் மாறினால் அவர்களுக்குத் தெரியாது.

அடுத்த வெளியீட்டுக்கு முன் ஒரு தடவை, ஓடும் வேலையைப் பாதியில் ரத்து செய்துவிட்டு சர்வரையும் தற்காலிகக் கோப்புகள் இருக்கும் ஃபோல்டரையும் திறந்து பாருங்கள். அங்கே மிச்சம் கிடப்பதைச் சரிசெய்த பிறகு வெளியிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பயனர்களில் ஒருவர்