ஒரு கைமணியும் 4000 பணமும்: நன்றி மடல்

மணப்பாடு, புன்னைக்காயல், தூத்துக்குடி உறவுகளுக்கு வணக்கம்.

முத்துக்குளித்துறையில் பங்குப் பள்ளிகள் எப்படித் தொடங்கின என்று நான் எழுதிவந்த சிறு புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. ஒன்றரை வருஷமாக நேரங்காலம் பார்க்காமல் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறேன். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை.

1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து புனித சவேரியார் எழுதிய கடிதத்தை வரிவரியாகத் தமிழில் சொல்லித்தந்த சாமியாருக்கு முதல் நன்றி. கையில் மணியோடு போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, நாளுக்கு இரண்டு முறை ஜெப மந்திரங்கள் சொல்லிக்கொடுத்ததைச் சவேரியாரே அதில் எழுதியிருக்கிறார். படித்ததைப் பிள்ளைகள் வீட்டில் அப்பா அம்மாவுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லித்தர வேண்டும், அதுதான் ஏற்பாடு. ஓட்டுக் கட்டடம் வந்த வருஷத்திலிருந்து எழுதினால் போதும் என்று இருந்தேன். இதைக் கேட்டபின் மனசு ஒப்பவில்லை. என்னைக் கேட்டால், நம் பள்ளி அந்த மணிச்சத்தத்தில்தான் பிறந்தது.

சவேரியார் அடுத்த ஊருக்குப் போனதும் பாடத்தைத் தொடர்ந்தவர்கள் கணக்கப்பிள்ளைகள், அதாவது ஊரில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியார்கள். அவர்களுடைய சம்பளத்துக்கு வழி செய்தது, போர்த்துகல் ராணி கத்தரீனாவின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்த 4000 பொன் பணம். 'பணம்' என்றால் அன்று ஒரு சின்னப் பொற்காசு என்று விளக்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாவுக்கு நன்றி. ராணியின் காலுக்குப் போகவேண்டிய காசு நம் பிள்ளைகளின் நாவுக்கு வந்ததை நினைத்தால் இன்னும் எனக்குச் சிலிர்க்கிறது.

போர்த்துக்கீசியக் குருவான அன்றிக்கு அடிகளார் தமிழாக்கி, 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்ற ஞானோபதேச நூலின் 16 பக்கங்களையும் நகலெடுத்துத் தந்த நூலகத் தம்பிக்கும் நன்றி.

அப்புறம், கோயில் தெருப் பாட்டி. பழைய விசுவாச மந்திரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னார்கள். நான் எழுதிக்கொண்டதைத் திரும்ப வாசித்தபோது ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. முழங்காலில் தட்டி நிறுத்தி, "முதல்லேருந்து சொல்லு" என்றார்கள். எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கையில் உபதேசியாரின் கண்டிப்பு அப்படியே இருந்தது. மூன்று தரம் சொன்ன பிறகுதான் காப்பி தந்தார்கள்.

முதல் பிரதி அவர்களுக்குத்தான். எழுத்து பொடிசு, பாட்டிக்குக் கண் தெரியாது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் கொள்ளுப்பேத்தி, தினம் ஒரு பக்கம் வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறாள்.