வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்: நம் ஸ்லைடு அலமாரிகளின் மரம் பற்றி

வணக்கம்.

போன வாரம் லேப் டெக்னீஷியன்களின் வாட்ஸாப் குழுக்களில் சுற்றிய படத்தை உங்களில் பாதிப்பேராவது பார்த்திருப்பீர்கள். அது நம் பட்டறையில் செய்த அலமாரிதான். ஒரு டிராயரின் அடிப்பலகை கழன்று, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கும் கண்ணாடி ஸ்லைடுகள் தரையில் சிதறியிருந்தன. அன்று மாலையே அந்த ஆய்வகத்துக்கு நேரில் போனேன். 11 ஸ்லைடுகள் உடைந்திருந்தன. புதுக் கண்ணாடி ஒரு பெட்டி வாங்கிக் கொடுத்துவிடலாம், அதில் ஒட்டியிருந்த திசுவை எங்கே போய் வாங்குவது? அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் எல்லாரிடமும் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் படத்தின் கீழே ஒருவர் எழுதியிருந்ததுதான் நாலு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. "இடிச்ச வீட்டு மரத்தை பாலிஷ் போட்டுப் புதுசுன்னு விக்கிறாங்க. ஆணி ஓட்டைகூடத் தெரியுது."

ஆமாம், இடித்த வீட்டு மரம்தான். அதை என்றைக்கும் மறைத்ததில்லை. முதல் முறை ஆர்டர் கொடுக்க வருகிற யாரையும் பின்பக்கம் கூட்டிப்போய், அடுக்கி வைத்திருக்கும் உத்திரங்களைக் காட்டாமல் அனுப்பியதில்லை. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பழைய வீடு இடிபட்டால் எனக்குத் தகவல் வந்துவிடும். அந்த வீடுகளின் உத்திரமும் கதவு நிலையும் பெரும்பாலும் பர்மா தேக்கு, வைரம் பாய்ந்த மரம். இரண்டு மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் நின்று வெயிலும் மழையும் பார்த்து முடித்தது. ஆணி பிடுங்கவே இரண்டு நாள் ஆகும். இரும்பு பட்ட இடத்தில் கறுப்புத் தடம் நிற்கும். எவ்வளவு இழைத்தாலும் முழுதாகப் போகாது. படத்தில் தெரிந்தது அதுதான். ஓட்டையை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்து, காடிக்கு, அதாவது ஸ்லைடு செருகி நிற்கும் பள்ளத்துக்கு, பக்கத்தில் வராதபடி பார்த்துத்தான் பலகை அறுக்கிறோம்.

புது மரம் வாங்குவது எனக்குச் சுலபம். அலைச்சல் இல்லை, ஆணி இல்லை, பில்லும் கிடைக்கும். ஏன் வாங்குவதில்லை என்றால், காடிக்காகத்தான். ஸ்லைடு 75 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், கனம் 1 முதல் 1.2 மி.மீ. அது நிற்கும் காடியை 1.5 மி.மீ. அகலத்தில் வெட்டுகிறோம். மிச்சம் இருப்பது ஒரு நூலிழை இடம். சரியாகக் காயாத மரத்தில் இதை வெட்டினால், ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊதி ஸ்லைடைக் கவ்விக்கொள்ளும். இழுத்தால் ஓரம் சில்லு பெயரும். பங்குனி வெயிலில் அதே மரம் சுருங்கி, ஸ்லைடு சாய்ந்து பக்கத்து ஸ்லைடின் திசுவை மூடியிருக்கும் மெல்லிய கண்ணாடியான கவர்ஸ்லிப்பில் உரசும். காசிமேட்டுக் கடல்காற்று அடிக்கிற ஊரில் இது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. பழைய தேக்கு அசையவேண்டியதெல்லாம் அசைந்து ஓய்ந்தது. 1998இல் நாம் கொடுத்த ஒரு தட்டைப் போன மாதம் வார்னிஷுக்காகக் கொண்டுவந்தார்கள். புது ஸ்லைடு ஒன்றை எடுத்து முதல் காடியிலிருந்து நூறாவது காடி வரை போட்டுப் பார்த்தேன். எங்கும் சிக்கவில்லை, எங்கும் ஆடவில்லை.

காடி வெட்டியவரை உங்களுக்குத் தெரியும். 31 வருஷம் நம்மோடு இருந்த மூத்த ஆசாரி, நீங்களெல்லாம் அண்ணன் என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். கண் பார்வை மங்கியதால் பொங்கலோடு வேலையை விட்டுவிட்டார். வெட்டி முடித்ததும் தட்டைக் காதோடு வைத்து மெல்ல ஆட்டிப் பார்ப்பார், கண்ணாடி கிலுகிலுத்தால் அந்தத் தட்டு வெளியே போகாது. இப்போது அவரிடம் பழகிய இரண்டு தம்பிகள் வெட்டுகிறார்கள், நன்றாகவே வெட்டுகிறார்கள், ஆனால் வேகம் வர இன்னும் நாளாகும். அதனால் மூன்று வாரத்தில் கொடுத்த தட்டுக்கு இனி ஏழு வாரம் ஆகும்.

மரத்தின் மேல் பழி வந்ததால் இவ்வளவு சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஆனால் அன்று கழன்றது தேக்கு இல்லை, அடிப்பலகை. விலையை ஏற்றாமல் சமாளிக்கலாம் என்று 2024இல் செய்த சில அலமாரிகளுக்கு அடிப்பலகையை 6 மி.மீ.க்குப் பதில் 4 மி.மீ. பிளைவுட்டில் போட்டோம், அந்த அடிப்பலகைகளை இலவசமாக மாற்றித் தருகிறோம். 500 ஸ்லைடு நிறைந்த டிராயர் கண்ணாடி மட்டுமே இரண்டரை கிலோ இருக்கும். எந்த டிராயரானாலும் இழுக்கும்போது ஒரு கை அடியில் கொடுத்துப் பிடியுங்கள்.

இன்னொன்று. திசுவின் மேல் கவர்ஸ்லிப்பை ஒட்டி மவுண்ட் செய்த அன்றே ஸ்லைடை நிறுத்தி அடுக்காதீர்கள். ஒட்டுகிற டிபிஎக்ஸ் பசை இறுகும் வரை படுக்க வைக்கும் தட்டில் இருக்கட்டும். "ஸ்லைடு காடியில் ஒட்டிக்கொண்டது" என்று வந்த புகார்களில் நான் போய்ப் பார்த்தவை பெரும்பாலும் இதனால்தான்.

சென்னையில் குற்ற வழக்குகளில் விஷம் சோதிக்கும் ரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849இலேயே தொடங்கிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் தடயவியல் ஆய்வகங்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளுக்கும் பெட்டி செய்து பிழைக்கிறோம் என்பதில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் பெருமை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய்ப் பல வருஷம் கழித்து ஒரு ஸ்லைடைத் திரும்பக் கேட்கும்போது, வழக்கு எண், ஆண்டு, சான்றுப்பொருள் எண் என்று தேடி ஐந்து நிமிஷத்தில் எடுத்துக் கொடுத்ததாக உங்களில் ஒரு அம்மா போனில் சொன்னார். அந்த போனை நான் மறக்கமாட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, ஆர்டரை ரத்து செய்யாமல் முன்பணத்தை அப்படியே விட்டு வைத்தீர்கள். இந்த வாரமும் படத்தைப் பார்த்த கையோடு என்னைக் கூப்பிட்டு, "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று விசாரித்தவர்களே அதிகம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

அடிப்பலகை மாற்ற சனிக்கிழமைகளில் ஆள் அனுப்புகிறோம். அலமாரியின் பின்பக்கத் தகட்டில் 24 என்று தொடங்கும் எண் இருந்தால் போன் செய்யுங்கள். வருவதற்கு முன் டிராயரை நீங்களே காலி செய்து, வரிசை எண்படி வேறு தட்டில் மாற்றி, பதிவேட்டில் குறித்து வைத்துவிடுங்கள். வழக்கு ஸ்லைடுகளை எங்கள் ஆட்கள் தொடமாட்டார்கள்.

அன்புடன்,
பட்டறை உரிமையாளர்
வியாசர்பாடி, சென்னை