முழங்கால் வலி என்று வரும் பிள்ளையின் இடுப்பையும் பாருங்கள்

பெருமதிப்பிற்குரிய குடும்ப மருத்துவர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

13 வயதான என் மகன் நான்கு மாதங்களாக வலது முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவந்தான். ஒரு மருத்துவமனையில் முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் குறையில்லை, எடையைக் குறையுங்கள் என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி, அவன் சாய்ந்து சாய்ந்து நடந்ததைச் சோம்பல் என்றுதான் நானும் கடிந்துகொண்டேன். பிறகு ஒருநாள் பள்ளி மாடிப்படியில் கால் இடறி விழுந்தவனால் எழுந்து நிற்கவே முடியவில்லை.

தொடை எலும்பின் பந்து போன்ற தலையையும் அதன் கழுத்தையும் இணைக்கும் வளர்ச்சித் தட்டு (பிள்ளைகளின் எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) நழுவியிருந்தது. வேகமாக வளரும் 10 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக உடல் எடை கூடியவர்களுக்கும் தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும், இது வருகிறது. இடுப்பு மூட்டுக்குச் செல்லும் நரம்பு முழங்காலுக்கும் கிளை விடுவதால், கோளாறு இடுப்பில் இருக்க வலி முழங்காலில் தெரிகிறது.

நடக்க முடிகிற கட்டத்திலேயே கண்டுபிடித்திருந்தால், தொடையின் பக்கவாட்டில் சிறு கீறலிட்டு, எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே ஒரு ஸ்க்ரூவை வளர்ச்சித் தட்டைக் கடந்து எலும்பின் தலைக்குள் செலுத்தி, மேலும் நழுவாமல் இருந்த இடத்திலேயே நிறுத்தியிருக்கலாம். திடீரென முழுதாக நழுவும்போதோ எலும்பின் தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்ணிய நாளங்கள் அறுபடலாம். 1993இல் ராண்டல் லோடரும் உடனிருந்தோரும் வெளியிட்ட ஆய்வில், ஊன்றுகோல் பிடித்தும் நடக்க முடியாத நிலையில் வந்த 30 இடுப்புகளில் 14இல் எலும்பின் தலை இரத்தமின்றிச் செத்துப்போனது. நடக்க முடிந்த நிலையில் வந்த 25இல் ஒன்றுகூட அப்படி ஆகவில்லை. என் மகன் முதல் கூட்டத்தில் சேர்ந்தது அந்த நான்கு மாதங்களால்தான்.

அறுவை மருத்துவர் பின்னர் என்னையே மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மார்பை நோக்கி மடக்கிக் காட்டினார். என் முழங்கால் தோளுக்கு நேரே வந்தது. நழுவிய இடுப்பென்றால் மடக்க மடக்க அது தானாகவே வெளிப்பக்கம் விலகுமாம். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மருத்துவர்களே, நொண்டி நடக்கும் பிள்ளை முழங்காலைத் தொட்டுக் காட்டினாலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரண்டு இடுப்புகளையும் நேர் நிலையிலும் தவளைக்கால் நிலையிலும் (முழங்கால்களை மடக்கி வெளிப்பக்கம் விரித்து) எக்ஸ்ரே எடுங்கள். சந்தேகம் வந்தால் அடுத்த வாரம் வரச் சொல்லாதீர்கள். நடக்கவிடாமல் சக்கர நாற்காலியில் அமர்த்தி, அன்றே எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆசிரியர்களே, நொண்டும் பிள்ளையை ஓடச் சொல்லாதீர்கள். பெற்றோரை அழைத்துச் சொல்லுங்கள்.

என் மகன் இப்போது ஊன்றுகோலுடன் நடக்கிறான். தொடை எலும்பின் தலையில் இரத்த ஓட்டம் நிலைத்திருக்கிறதா, இடது இடுப்பும் நழுவத் தொடங்குகிறதா என்று பார்க்க அடுத்த மாதம் மீண்டும் எக்ஸ்ரே.

இப்படிக்கு,
ஒரு தாய்