ரெண்டு தவ் இடைவெளிக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பழைய கேட்டர்பில்லர் டி2, சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஊரும் கிராலர் டிராக்டர், கொட்டகையிலிருந்து தானே ஊர்ந்து வெளியே வந்து, தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தானே உள்ளே போய் நின்றது. செயின் கழலவில்லை. ஆளுக்கு ஒரு வரி நன்றி அனுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு வரியில் யாரும் அடங்கவில்லை.

பியோரியா பக்கத்துத் தமிழர்களுக்கு மஞ்சள் வண்டியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் பல பேருக்கு அந்தக் கேட்டர்பில்லர் கம்பெனிதான் சோறு போடுகிறது. ஆனால் நாம் பார்ப்பதெல்லாம் கணினித் திரையில். 1938 முதல் 1957 வரை வந்த டி2, அந்தக் கம்பெனியின் டீசல் கிராலர்களிலேயே சிறியது. டீசல் எஞ்சினைக் கிளப்பவே தனியாக ஒரு குட்டி பெட்ரோல் எஞ்சின், இரண்டு சிலிண்டரோடு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கள் வண்டியில் இரண்டு எஞ்சினும் ஆச்சரியமாக நன்றாகவே இருந்தன. போனது கால்தான், அதாவது செயின்.

முதல் நன்றி, வண்டியைக் கொடுத்த பண்ணைக்கார அம்மாவுக்கு. அவருடைய மாமனார் ஓட்டிய வண்டி. விலை கேட்டபோது, "ஓடும்போது என்னை ஏற்றிக்கொண்டு போ, அது போதும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஏறினார். இறங்க மனமில்லாமல் இன்னொரு சுற்றுக் கேட்டார்.

அடுத்தது, நோயைச் சரியாகச் சொன்ன பெரியவருக்கு. வயிற்றுப்பாட்டுக்கு வாழ்நாள் முழுக்க டிராக்டர் பிரித்துக் கோர்த்தவர். செயின் தொங்குவதைப் பார்த்து, முன்னாலிருக்கும் ஐட்லர் சக்கரத்தைத் தள்ளி இறுக்கினால் தீர்ந்தது என்று நான் நினைத்திருந்தேன். இறுக்கவும் செய்தேன். அதற்கு மேல் தள்ள இடமில்லை என்கிற வரை இறுக்கியும் திருப்பத்தில் செயின் நழுவியது. அவர் வந்து, ஸ்பிராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) பல்லுக்கும் செயினுக்கும் நடுவே, மூட்டைக் கோர்க்கும் பழைய இரும்புப் பின் ஒன்றைச் செருகி, வண்டியைக் கொஞ்சம் பின்னுக்கு எடுக்கச் சொன்னார். மேல் செயின் விறைத்து நின்றது. நாலு லிங்க் நீளத்தை, ஒரு மூட்டின் பின்னிலிருந்து இன்னொரு மூட்டின் பின் வரை டேப் வைத்து அளந்தார். "தொய்வு இல்லை தம்பி, வளர்ந்திருக்கிறது" என்கிற பொருளில் ஏதோ சொன்னார்.

இரும்பு எப்படி வளரும்? லிங்க்குகள் சேரும் ஒவ்வொரு மூட்டிலும் எஃகு புஷ் (குட்டிக் குழாய்) ஒன்று, அதற்குள் ஒரு பின். செயின் ஸ்பிராக்கெட்டைச் சுற்றி வளையும்போது பின் புஷ்ஷுக்குள் திரும்புகிறது, பல் புஷ்ஷின் முதுகில் அமர்கிறது. உள்ளேயும் தேய்கிறது, வெளியேயும் தேய்கிறது. இப்போதைய செயின்களில் மூட்டுக்குள் எண்ணெய் விட்டு சீல் வைத்துவிடுகிறார்கள். இது வறட்டு மூட்டு. உள்ளே புகுந்த மண்ணே அரமாகிவிடும். ஒவ்வொரு மூட்டும் மயிரிழை தேய்ந்தாலும் அத்தனையும் கூடி செயின் நீண்டுவிடும். பிறகு மூட்டுகளின் இடைவெளியும் பற்களின் இடைவெளியும் ஒத்துப்போகாது. அமர வேண்டிய பல் முட்டி ஏறும்.

பழைய ஆட்கள் இதற்கு ஒரு சிக்கன வைத்தியம் வைத்திருக்கிறார்கள். தேய்வது ஒரு பக்கம்தான் என்பதால், பின்னையும் புஷ்ஷையும் பிதுக்கி எடுத்து அரைவட்டம் திருப்பிப் போட்டால் தேயாத முகம் வேலைக்கு வரும். கறைபட்ட வேட்டியை மறுபுறம் திருப்பிக் கட்டுகிற மாதிரி. அந்த ஆசையில்தான் முதல் மூட்டைப் பிரித்தோம். புஷ் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது. நமக்கு முன்னால் ஒரு சிக்கனக்காரர் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார்!

ஆக, எல்லாமே புதிது வாங்க வேண்டியதாயிற்று. முதலில் வந்த பெட்டியில், செயினைப் பிரித்துச் சேர்க்கும் மூட்டுக்கான குட்டை புஷ் மட்டும் இல்லை. கடைக்காரரோடு மல்லுக்கட்டியதில் இரண்டு மாதம் போயிற்று. அதை விடுங்கள்.

பின்னைப் பிதுக்கி எடுக்கும் பிரஸ்ஸை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாடகை என்றதும் கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பி இருவருக்கும் நன்றி. மூன்று வாரக் கடைசி முழுக்க அந்தப் பிரஸ்ஸின் பம்பை மாறி மாறி அடித்த தமிழ்ச் சங்கத்துத் தம்பிகளுக்கும். துருவேறிய செயின் பின்கள் அசையவே அசையாது. அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்ப்போம், திடீரென்று துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம், அந்தப் பின் கால் அங்குலம் நகர்ந்திருக்கும். முதல் நாள் ஒரு தம்பி சாப்பாட்டுத் தட்டைப் போட்டுவிட்டு ஓடினார். மூன்றாம் வாரம் அவரே சத்தத்தை வைத்து "இது வந்துரும்", "இது வராது" என்று ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

இனி அப்பா. கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை டர்னராக இருந்து ஓய்வு பெற்றவர். மோட்டார் பம்புக்குக் கடைந்த புஷ்களுக்குக் கணக்கே இல்லை. ஆறு மாதம் பேரனைப் பார்க்க வந்தவரைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனேன். செயினை அவர் சட்டை செய்யவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங் லீவர் இரண்டையும் பிரேக் பெடல் இரண்டையும் ஆட்டிப் பார்த்தார். "இத்தனை ஆட்டத்தை வெச்சுக்கிட்டு எப்படிக் கண்ணு ஓட்டுவே?" என்றார். பெடல் தண்டைக் கழற்றினால் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, வட்டத்துக்கு 9 தவ் குறைந்திருந்தது. தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

லேத்துக்கு எங்கே போவது? இங்குள்ள கல்லூரி ஒன்றில் மாலை வகுப்பு எடுக்கும் பெரியவர், ஓய்வு பெற்ற மெஷினிஸ்ட், கதவைத் திறந்துவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு ஆங்கிலம் வராது. மொழிபெயர்க்க நான் நடுவில் நின்றேன். பத்து நிமிடத்தில் என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவர் "டூ தவ்" என்றார், அப்பா "ரெண்டு தவ்" என்று விரலைக் காட்டினார். அதற்கப்புறம் மைக்ரோமீட்டர்தான் பேசியது. வெண்கல உருளையைக் கையில் கொடுத்தபோது மட்டும் அப்பா "கன்மெட்டலா?" என்று என்னைக் கேட்டார். செம்பு 83, வெள்ளீயம் 7, ஈயம் 7, துத்தநாகம் 3 என்று தாளில் இருந்ததைப் படித்தேன். ஈயம் இருக்கிறதா, அப்படியானால் சரி, சுருள் சிறிசாக உதிரும், தண்டைக் கடிக்காது என்றார். அப்படியே உதிர்ந்தது.

தேய்ந்த தண்டைக் கடைந்து வட்டத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு ஏற்ப புஷ். வெளியளவு, புஷ் உட்காரும் கூட்டின் துளையைவிட 2 தவ் கூடுதல். உள்ளளவில் அப்பா வேண்டுமென்றே கொஞ்சம் குறைவாக விட்டார். டைட்டாக உள்ளே அடித்ததும் புஷ்ஷின் துளையும் சுருங்கும், முதலிலேயே சரியளவு கடைந்தால் தண்டு போகாது, அடித்த பிறகு ரீமர் (துளையைச் சீராக அகட்டும் கருவி) போட்டுத்தான் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். தண்டு ஓட 2 தவ் இடைவெளி. இதையெல்லாம் எந்தத் தாளிலும் அவர் எழுதவில்லை.

என் மனைவிக்கும் நன்றி, மன்னிப்பும். எட்டு புஷ்கள் ஒரு ராத்திரி முழுக்க எங்கள் வீட்டு பிரீசரில், உறைந்த முருங்கைக்காய்க்கும் தேங்காய்த் துருவலுக்கும் நடுவே கிடந்தன. ஒன்றரை அங்குல வெண்கலம் அந்தக் குளிரில் ஒரு தவ் சுருங்கும். 2 தவ் டைட்டில் ஒரு தவ் குறைந்தால் பாதி வேலை மிச்சம். காலையில் எடுத்து, மரக்கட்டை வைத்துத் தட்டத் தட்ட நழுவிப் போயின.

ஏழுதான் ஒழுங்காகப் போயின. எட்டாவதை நான் தட்டினேன். "எண்ணெய்த் துளை எங்க கண்ணு?" என்று அப்பா கேட்டபோதுதான் பார்த்தேன். கூட்டின் எண்ணெய்த் துளை மேலே, புஷ்ஷின் துளை பக்கவாட்டில். ரம்பத் தகட்டை உள்ளே விட்டு நீளவாக்கில் அறுத்து, மடக்கி எடுத்து எறிந்தோம். மெஷினிஸ்ட் பெரியவர் ஒன்றும் சொல்லாமல் ஒன்பதாவது துண்டை லேத்தில் மாட்டினார். முதல் நாளே ஒரு துண்டு கூடுதலாக அறுத்து வைத்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. இந்த ஒரு துண்டுக்கு அவருக்குத் தனி நன்றி. இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

அப்பா போன மாதமே ஊருக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காட்டினேன். வண்டி ஓடுவதைப் பார்க்கவில்லை, பெடலைக் காட்டச் சொன்னார். ஆட்டிக் காட்டினேன். "கிரீஸ் வெச்சியா?" என்றார்.

வைத்துவிட்டேன்.

பின்குறிப்பு: கொட்டகையில் யாரோ விட்டுப்போன முக்கால் அங்குல டிரைவ் ராட்செட் ஒன்றும், ஒரு நீலத் தூக்குச்சட்டியும் என்னிடம் இருக்கின்றன. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளவும். சட்டி காலியாக வராது.

அன்புடன்,
டி2 வண்டிக்காரன்
பியோரியா, இல்லினாய்