ஆய்வு முடிந்தது சரி, முடிவு என்ன?

கோலாலம்பூரில் இருதய நோய்க்கும் இனிப்பு நீருக்கும் (நீரிழிவு) மருந்து ஆய்வு நடத்தும் மருத்துவர்களுக்கும், அந்த ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களுக்கும்,

வணக்கம். ஆய்வில் சேர்ந்த ஒருவரின் வீட்டிலிருந்து எழுதுகிறேன். நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்றுதான். ஆய்வு முடிந்த பிறகு, அதில் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு, என்ன தெரியவந்தது என்று சொல்லுங்கள்.

என் அத்தை செந்தூலில் இருக்கிறார். சில வருஷங்களுக்கு முன்பு நகரத்து மருத்துவமனை ஒன்றில் (பெயர் வேண்டாம்) கொழுப்பைக் குறைக்கும் மருந்து பற்றிய ஆய்வில் சேர்ந்தார். துணைக்கு நான் போவேன். வெறும் வயிற்றோடு விடியும்போதே கிளம்ப வேண்டும். இரத்தம் எடுத்து முடித்ததும் ஒரு கப் மைலோவும் பிஸ்கட்டும் கிடைக்கும். அப்புறம் ஆய்வுத் தாதி மாத்திரைப் போத்தலை வாங்கித் தட்டில் கொட்டி, மிச்சம் எத்தனை என்று விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவார். கணக்குக்கு மேல் ஒன்று இருந்துவிட்டால் போதும், "அம்மா, எந்த நாள் விட்டுப் போச்சு?" என்று கேள்வி வரும். அத்தை திருதிருவென்று முழிப்பார். ஒரு தடவை தைப்பூசத்துக்குப் பத்துமலை போன நாளில் மறந்ததை ஒப்புக்கொண்டார்; அதையும் தேதி போட்டு எழுதிக்கொண்டார்கள். ஒரு மாத்திரைக்கு அவ்வளவு கண்டிப்பு. நான் அதைக் குறை சொல்லவில்லை. அப்படி எண்ணினால்தான் கணக்கு நேராக இருக்கும்.

சேருகிற நாளில் சம்மதப் படிவத்தை நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆய்வின் முடிவுகள் மருத்துவச் சஞ்சிகையில் வெளியாகலாம் என்ற இடம் வந்ததும் அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். "அவங்க புத்தகத்துல போட்டுக்கட்டும். எனக்கு யாரு சொல்லுவா?" என்றார். எதிரே இருந்த மருத்துவர் சிரித்துக்கொண்டே, "நாங்க சொல்லுவோம்மா" என்றார். தங்கமான மனிதர், ஏமாற்ற வேண்டும் என்று சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் கடைசி வருகை முடிந்து, போக்குவரத்துச் செலவுக்கான உறையையும் கையில் கொடுத்து அனுப்பியதோடு சரி. அத்தை விழுங்கியது மருந்தா, மருந்தில்லாத வெற்று மாத்திரையா? அந்த மருந்து பிடித்ததா, பிடிக்கவில்லையா? இன்றுவரை தெரியாது. அரசாங்க சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் பழைய மாத்திரையே தொடர்கிறது.

யாருக்கு எந்த மாத்திரை என்பதை ஆய்வு நடக்கும்போது மறைத்து வைக்கத்தான் வேண்டும். தெரிந்துவிட்டால் நோயாளியும் மாறுவார், மருத்துவர் பார்க்கும் கண்ணும் மாறும். என் கேள்வி அதற்குப் பிறகான காலத்தைப் பற்றியது.

ஆய்வு இந்த ஊருக்குப் புதிதில்லை. அதில் தமிழர் கதையும் கலந்திருக்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பு மலாயாவில் பெரிபெரி நோய் ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயம் பெருத்து நின்றுபோகும். வெள்ளீயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களிடம் அதிகம், தமிழர்களிடம் அரிது. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர், சோற்றில்தான் விஷயம் இருக்கிறது என்றார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி.

கோலாலம்பூரில் இருந்த ஃபிளெட்சர் என்ற மருத்துவர் இதை நம்பவில்லை. சோதித்துப் பார்த்துவிடலாம் என்று 1905 கடைசியில் இங்கிருந்த மனநோய் விடுதியில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்து எண் சொல்லச் சொன்னார். ஒற்றைப்படை எண்கள் கிழக்குக் கட்டடத்துக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான பச்சரிசி. இரட்டைப்படை எண்கள் மேற்குக் கட்டடத்துக்கு. அவர்களுக்குப் புழுங்கல் அரிசி. மற்ற சாப்பாடெல்லாம் ஒன்றுதான். கிழக்கே ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள், பலர் இறந்தார்கள். மேற்கே நோய் அண்டவில்லை. தன் கருத்து தவறு என்பதை ஃபிளெட்சர் 1907இல் அச்சிலேயே எழுதினார். அதன்பின் ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் இதே ஊரின் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் கோழிகளுக்குத் தீட்டிய அரிசி போட்டு நரம்பு நோய் வரவழைத்தார்கள், தவிட்டைக் கொடுத்து அதைத் தடுத்தும் காட்டினார்கள். நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அது இல்லாவிட்டால் மாவுச்சத்தை உடம்பு சக்தியாக மாற்ற முடியாது, இதயம் தளர்ந்துவிடும்.

இவ்வளவும் நம் ஊரில் நடந்தது. புழுங்கல் அரிசி வடிக்கும் எத்தனை வீட்டில் இது தெரியும்? அந்த விடுதியில் வரிசையில் நின்றவர்களுக்குச் சம்மதப் படிவம் என்று எதுவும் கிடையாது, எந்தக் கட்டடம் என்பதை அவர்கள் நின்ற இடம் முடிவு செய்தது. இன்றைக்குப் படிவம் வந்துவிட்டது, நெறிமுறைக் குழு வந்துவிட்டது. ஆரம்பத்தில் கேட்கிற முறை எவ்வளவோ திருந்தியிருக்கிறது. முடிவில் சொல்கிற முறைதான் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

எங்களுக்கு இது ஏன் முக்கியம் என்றால், இந்த நோய்களில் முன்வரிசையில் நிற்பது நாங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் 31.4 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். மாரடைப்பும் எங்கள் ஆட்களுக்குச் சீக்கிரமே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு வருஷம் முன்னதாக வருவதைக் காட்டியது. செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ நாற்பதுகளில் திடீரென்று போய்விட்ட ஓர் ஆம்பளையின் பெயரைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று வரும்.

இன்னொரு பக்கம், பெரிய ஆய்வுகளில் எங்கள் மாதிரி உடம்புகள் குறைவு. எடை குறைக்கும் ஊசியாகப் பேசப்படும் செமாகுளூடைடு, மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவற்றை 20 விழுக்காடு குறைக்கிறது என்று 2023இல் வந்த செலக்ட் ஆய்வு சொன்னது. 17,604 பேர் சேர்ந்தார்கள். ஆசியர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 27உம் அதற்கு மேலும் இருப்பவர்களை மட்டும் எடுத்தார்கள், நீரிழிவு உள்ளவர்களை எடுக்கவில்லை. மலேசியாவில் அந்தக் குறியீடு 23 ஆனாலே எடை கூடுதல் என்கிறோம். நல்ல ஆய்வுதான், சந்தேகமில்லை. ஆனால் ஒல்லியான கைகால், முன்தள்ளிய வயிறு, கூடவே இனிப்பு நீர் என்று இருக்கும் எங்கள் மாமாக்களுக்கு அந்தக் கதவில் இடமில்லை.

இனத்துக்கு இனம் மருந்து வேறுமாதிரி நடந்துகொள்ளும் என்பது கற்பனையும் இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்தான ரோசுவாஸ்டாடினைச் சிங்கப்பூரில் சோதித்தபோது, வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் அதே அளவு மாத்திரைக்குச் சீனர்களின் இரத்தத்தில் 2.3 மடங்கும் மலாய்க்காரர்களுக்கு 1.9 மடங்கும் இந்தியர்களுக்கு 1.6 மடங்கும் மருந்து ஏறியது. 2005இல் அமெரிக்கா ஆசியர்களுக்குத் தொடக்க அளவை 5 மில்லிகிராம் என்று குறைத்தது. நம் மாதிரி ஆட்கள் ஆய்வில் சேர்ந்ததால் தெரிந்தது இது. ஆக, இன்னும் நிறையப் பேர் சேர வேண்டும்.

ஆனால் சேரச் சொல்லிப் பாருங்கள். "நம்மள வெச்சு டெஸ்ட் பண்றாங்க, சோதனை எலி மாதிரி" என்பதுதான் முதல் பதில். (எலியை மட்டும் நம்பியிருந்தால் ஸ்டாடின் மருந்தே வந்திருக்காது. ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து எடுத்த முதல் ஸ்டாடின் எலியின் கொழுப்பைக் குறைக்கவே இல்லை. கோழியில்தான் குறைந்தது.) ஆய்வு முடிந்ததும் ஆளைக் கைகழுவிவிட்டால் அந்தச் சோதனை எலிப் பேச்சுக்கு நாங்கள் என்ன மறுமொழி சொல்வது? அத்தையின் அனுபவத்தைக் கேட்ட பக்கத்து வீட்டு அக்கா, தன் கணவருக்கு வந்த அழைப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நல்ல முடிவை மட்டும் சொன்னால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். டோர்செட்ராபிப் என்ற மருந்து நல்ல கொழுப்பை 70 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றியது. காகிதத்தில் பார்த்தால் அற்புதம். 15,000 பேர் சேர்ந்திருந்த ஆய்வை 2006 டிசம்பரில் அவசரமாக நிறுத்தினார்கள், காரணம் மருந்து எடுத்தவர்களில் 82 பேரும் எடுக்காதவர்களில் 51 பேரும் இறந்திருந்தார்கள். இரத்த அறிக்கையில் எண் நன்றாக இருந்தால் ஆள் நன்றாக இருப்பார் என்று நம்பிவிடக்கூடாது என்று உலகம் அன்றைக்குப் படித்தது. தோற்றுப்போன மருந்தை விழுங்கியவருக்கும் அது தெரிய வேண்டும். இன்னும் சொன்னால், அவருக்குத்தான் முதலில் தெரிய வேண்டும்.

முடிவு வர இரண்டு மூன்று வருஷம் ஆகும், அதற்குள் ஆள் வீடு மாறிவிடுவார், ஃபோன் நம்பர் மாறிவிடும் என்பீர்கள். ஒவ்வொரு வருகைக்கும் முந்தின நாள் தவறாமல் அழைத்த அதே பட்டியல் உங்களிடம் இருக்கிறதே. மகன் நம்பர், மருமகள் நம்பர் வரைக்கும் வாங்கி வைத்திருந்தீர்கள். பல நாட்டு ஆய்வு, முடிவு கம்பெனிக்குச் சொந்தம் என்று இன்னொரு பதில் வரும். ஐரோப்பாவில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, ஆய்வு முடிந்து ஒரு வருஷத்துக்குள் சாதாரண மக்களுக்குப் புரிகிற சுருக்கத்தைக் கம்பெனிகள் வெளியிட வேண்டும். ஜெர்மனியில் ஒரு பாட்டிக்காக எழுதுகிற அதே பக்கத்தை இங்கேயும் கேட்டு வாங்கலாம். நீங்கள் எல்லாரும் மதிக்கிற, மனிதர்கள் மீதான மருத்துவ ஆய்வுக்கான உலக நெறிமுறையான ஹெல்சிங்கி பிரகடனத்திலேயே, பங்கேற்பாளர் விரும்பினால் முடிவைத் தெரிந்துகொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று இருக்கிறது.

நெறிமுறைக் குழுவினரிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு ஆய்வு உங்கள் மேசைக்கு வரும்போது, இரத்தம் எத்தனை மில்லிலிட்டர் என்று பார்ப்பதைப் போலவே, முடிவை யார், எப்போது, எந்த மொழியில், எப்படிச் சொல்லப்போகிறார்கள் என்றும் கேளுங்கள். பதில் எழுதாமல் அனுமதி கொடுக்காதீர்கள். அதற்குரிய செலவை ஆய்வின் பட்ஜெட்டிலேயே போடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். நீங்கள் எடுத்தது எது, மருந்து என்ன செய்தது, இனி நீங்கள் எதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். வாசிக்கத் தெரியாதவருக்குத் தாதியின் குரலில் ஒரு வாட்ஸ்அப் பதிவு அனுப்பினாலும் சரி.

நேரில் வந்து சொல்வதென்றால் இன்னும் நல்லது. செந்தூலில் மண்டபம் பிடிப்பது, நாற்காலி, ஒலிபெருக்கி, காலை நாஸ்தா எல்லாம் எங்கள் பொறுப்பு. சர்க்கரை இல்லாத தேநீர்தான். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் இரண்டு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆய்வில் சேர்ந்த ஒருவரின் மருமகள்,
செந்தூல், கோலாலம்பூர்