தமிழில் கேட்டால் கூடுதல் செலவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

செயற்கை நுண்ணறிவோடு எப்படிப்பட்ட எதிர்காலம் வேண்டும் என்பது, மனுக்களைக் கையாளும் கருவிகளை வாங்குவதற்கான அரசு டெண்டர் விதிகளிலும் முடிவாகிறது. 'தமிழ்' நமக்கு 3 எழுத்து; கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் 5 குறிகள், அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட். ஆங்கிலத்தின் 5 எழுத்துச் சொல்லுக்கு 5 பைட்தான். பெரும்பாலும் ஆங்கிலத்தில் பயின்ற மொழி மாதிரிகள் (உரையைப் படித்துப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள்) தமிழ்ச் சொல்லைப் பல டோக்கன்களாக, அதாவது அவை படிக்கும் சிறு துண்டுகளாக, நொறுக்குகின்றன. கட்டணமோ பெரும்பாலும் டோக்கன் கணக்கில். அதனால் அதே மனுவுக்குத் தமிழில் செலவு கூடுகிறது, பதிலும் தாமதமாகிறது. இது மொழியின் குறையல்ல. மாதிரி அறிந்த டோக்கன்களின் பட்டியலைத் தமிழுக்கும் சேர்த்து அமைத்தால் பெருமளவு தீரும்.

வாங்குமுன் பட்டா, ஓய்வூதிய மனுக்கள் நூறைப் பெயர் நீக்கி இரு மொழியிலும் ஓட்டி, டோக்கனையும் பிழையையும் எண்ணுங்கள். குரல்வழிக் கருவியென்றால் நெல்லை, கொங்கு வழக்குகளிலும் சோதியுங்கள். அலுவலர் படித்துக் கையொப்பமிடாமல் எந்த மனுவும் நிராகரிக்கப்படக் கூடாது.

இப்படிக்கு,
தமிழ்க் கணிமைப் பணியாளர்கள் சிலர், சென்னை